பறிப்புக்கு நடுவே ஒரு கடிதம்

சத்திரப்பட்டி,
புரட்டாசி 14.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உன் மகள் கல்யாணத்துக்கு என் மனைவியையும் மகனையும் அனுப்பிவிட்டு நான் மட்டும் வராமல் நின்றுவிட்டேன் என்று நீ கோபித்துக்கொண்டது நியாயம்தான். பந்திக்கு நான் அனுப்பிய இரண்டு மூட்டைக் காயைக் குறிப்பிட்டு, "காய் வந்தது, ஆள் வரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை வீட்டில் உரக்கப் படித்தேன். என் மனைவி உன் பக்கம் சேர்ந்துகொண்டாள்.

"அறுவடை முடிந்ததும் பத்து நாள் ஒதுக்கு, சேர்ந்து காசிக்குப் போய்விட்டு வரலாம்" என்று அழைத்திருக்கிறாயே, அந்த 'அறுவடை முடிந்ததும்' என்ற சொல்லில்தான் எனக்குச் சிக்கல். நெல் வைத்திருப்பவனுக்கு அறுப்பு என்று ஒரு நாள் உண்டு, களத்தைக் கூட்டி மூட்டை கட்டிவிட்டால் அவன் ரயிலேறலாம். இரண்டரை ஏக்கரில் காய் போட்டிருக்கிறவனுக்கு அறுவடை என்பது செவ்வாய், வியாழன், சனி என்று கிழமைக் கணக்கில் வருவது. வெண்டை ஒருநாள் விட்டு ஒருநாள், கத்தரி ஐந்து நாளுக்கு ஒருமுறை, பீர்க்கும் புடலையும் வாரம் இருமுறை, பருவத்தில் முருங்கை வாரம் ஒருமுறை. கிணற்று மேட்டில் நான்கு பாத்தி அரைக்கீரை, அது என் மனைவியின் கணக்கு, அதில் நான் வாய் திறப்பதில்லை.

பத்து நாள் பறிக்காமல் விட்டால் அந்தக் காய்தானே நட்டம் என்று நீ கேட்பாய். நானும் ஊருக்குத் திரும்பிய புதிதில் அப்படித்தான் நினைத்தேன். வெண்டையை இரண்டு நாள் கூடுதலாக விட்டால் நார் ஏறிவிடும், அது தெரிந்ததுதான். ஆனால் முற்றிய காய் செடியிலேயே நின்றால் செடி தன் சத்தையெல்லாம் அதனுள் இருக்கும் விதைக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகப் பூவெடுப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பீர்க்கும் அப்படித்தான், புடலையும் அப்படித்தான். தண்ணீர் பாய்ச்சுவதைப் போல, களை எடுப்பதைப் போல, பறிப்பதும் செடிக்குச் செய்கிற ஒரு பண்டுவம் என்று எனக்குப் புரிவதற்கு இரண்டு பருவம் வீணானது. ஆவணியில் உன் வீட்டு முகூர்த்தம் நடந்தபோது, ஆனியில் ஊன்றிய வெண்டை முழு வேகத்தில் காய்த்துக்கொண்டிருந்தது. ஓணத்துக்காகக் கேரள வியாபாரிகள் ஒட்டன்சத்திரம் சந்தையில் வந்து குவிந்திருந்த நேரமும் அதுவே. பறிப்புக்கு வழக்கமாக வரும் இரண்டு பெண்களில் ஒருத்திக்குக் காய்ச்சல். வீட்டில் யாராவது ஒருவர் நிற்க வேண்டியிருந்தது, நான் நின்றேன்.

இப்படி ஒரு கட்டுக்குள் நானாகப் போய் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் தக்காளி. பத்து வருஷத்துக்கு முன் இந்த நிலம் முழுவதும் ஒரே நேரத்தில் தக்காளி நட்டேன். செடி நன்றாக வந்தது, அதுதான் வினை; எனக்கு நன்றாக வந்த வருஷம் எல்லோருக்கும் நன்றாக வந்துவிட்டது. 14 கிலோ பெட்டி ஒன்று ஐம்பது ரூபாய்க்குப் போயிற்று. பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் கடைக்காரர் பிடித்துக்கொண்ட நூற்றுக்குப் பத்து, எல்லாம் கழித்துக் கையில் நின்றதை எண்ணிப் பார்க்க மனம் வராமல், மூன்றாவது பறிப்போடு நிறுத்திவிட்டுப் பக்கத்து ஊர் ஆட்டுக்காரரைக் கூப்பிட்டு மந்தையை உள்ளே விடச் சொன்னேன். ஆடுகள் பழத்தைத் தின்ற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றிரவு என் மனைவி ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் நிலத்தை வரைந்து, கட்டம் கட்டமாகப் பிரித்து, "வாரா வாரம் கொஞ்சமாவது கைக்கு வரவேண்டும், மொத்தமாக வரவும் வேண்டாம், மொத்தமாகப் போகவும் வேண்டாம்" என்றாள். அந்தத் தாளைத்தான் இன்றுவரை உழுதுகொண்டிருக்கிறேன். வெண்டையைக்கூட ஒரே மூச்சில் ஊன்றாமல், ஒன்றரை மாத இடைவெளியில் இரண்டு துண்டாக ஊன்றுகிறோம்; முதல் துண்டு ஓயும்போது அடுத்தது காய்க்கத் தொடங்கும்.

முருங்கை மட்டும் ஒரு ஏக்கர். அதன் கட்டுகள் ஒட்டன்சத்திரத்துக்குப் போகும். மற்ற காய்கள் பழனி உழவர் சந்தைக்கு. மதுரை அண்ணா நகரில் 1999 நவம்பரில் முதல் உழவர் சந்தை திறந்தபோது நீயும் நானும் அந்த ஊரில்தான் வேலையில் இருந்தோம், உனக்கு நினைவிருக்கும். தராசு கொடுக்கிறார்கள், கடைக்கு வாடகை இல்லை, அன்றன்றைய விலையைக் காலையிலேயே பலகையில் எழுதிவிடுகிறார்கள். மொத்தச் சந்தையைவிட நமக்குக் கொஞ்சம் கூட, வெளிக்கடையைவிட வாங்குகிறவருக்குக் கொஞ்சம் குறைவு. பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறோம், என் சின்னவன்தான் ஓட்டுகிறான். ஒரே ஒரு குறை சொல்லவேண்டும். வெண்டை வாங்க வருகிறவர்கள் ஒவ்வொரு காயின் முனையையும் ஒடித்துப் பார்க்கிறார்கள். ஒடிந்தால் பிஞ்சு என்று மகிழ்கிறார்கள், ஆனால் தான் ஒடித்த காயைத் தானே எடுப்பதில்லை, பக்கத்தில் இருப்பதை எடுக்கிறார்கள். தினம் அரைக்கிலோ மூளி வெண்டை வீட்டுக்குத் திரும்பி வருகிறது. எங்கள் குழம்பில் நீ முழு வெண்டைக்காயைப் பார்க்கவே முடியாது.

விடிய ஐந்தரைக்கு இறங்கிவிடுவோம். பழைய காலுறையில் விரல் நுழைய ஓட்டை போட்டுக் கையில் மாட்டிக்கொண்டுதான் வெண்டைக்குள் போகவேண்டும், இல்லையென்றால் சுணை பட்டு முழங்கைவரை அரிக்கும். மாலையில் பந்தலுக்கடியில் வேலை. பீர்க்கம்பூ பொழுது சாயும் நேரத்தில்தான் விரியும். மேலே மஞ்சளாக ஒவ்வொன்றாகத் திறக்கும்போது வண்டும் பூச்சியும் இரைச்சலோடு வந்துவிடும். புடலம்பிஞ்சு விரல் நீளம் வந்ததும் நுனியில் நூலால் ஒரு சிறு கல்லைக் கட்டித் தொங்கவிடுவேன், இல்லையென்றால் பாம்பு மாதிரி சுருண்டுகொள்ளும், சுருண்டதைச் சந்தையில் யாரும் தொடமாட்டார்கள். இந்த வயதில் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நாற்பது ஐம்பது கல் கட்டுவது லேசான வேலையில்லை. என் பேத்தி கல் பொறுக்கித் தருகிறாள், ஒரே அளவாக இருக்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு பிடிவாதம்.

இந்த மாதம் கைக்கு நல்ல மாதம். புரட்டாசி விரதத்தால் கறிக்கடைகள் காற்றாடுகின்றன, காய்க்கடையில் கூட்டம். ஆடியில் நட்ட கத்தரி இப்போதுதான் முதல் பறிப்புக்கு வந்திருக்கிறது. தண்டுத் துளைப்பான் புழு தலைகாட்டியிருக்கிறது. வாடித் தொங்கும் கொழுந்துகளைத் தினமும் கிள்ளியெடுத்து எரிக்கிறோம், மருந்தை முடிந்தவரை தள்ளிப்போடப் பார்க்கிறேன். சின்ன வெங்காயத்துக்கு விலையில்லாததால் விற்காமல் பட்டறை போட்டுவிட்டேன். கல் பரப்பி, அதன்மேல் குச்சி அடுக்கி, காற்றுப் போகும்படி வெங்காயத்தைக் குவித்து, மேலே தென்னங்கீற்று வேய்ந்திருக்கிறது. தீபாவளிக்கு விலை ஏறினால் பிழைத்தேன், அதற்குள் மழை கீற்றைத் தாண்டி இறங்கினால் அழுகல் நாற்றம் உன் வீடுவரை வரும்.

முருங்கை ஓய்கிறது. சித்திரையில் கிலோ ஐந்து ரூபாய்க்குக்கூடக் கேட்க நாதியில்லாமல் தொரட்டியைச் சாய்த்துவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். மார்கழியில் அதே காய் நூறைத் தாண்டும், ஆனால் அப்போது மரத்தில் காய் இருக்காது. மழை பட்டால் பூ கொட்டிவிடுகிறது, பனியில் காய்ப்பு அற்பம். அடுத்த வாரம் எல்லா மரத்தையும் இடுப்பளவுக்கு வெட்டிவிடப் போகிறோம். வெட்டிய இடத்தில் தளிர்த்து மாசி, பங்குனியில் மறுபடி காய்க்கும். ஐப்பசி மழை பிடித்ததும் கம்பளிப்பூச்சிகள் அடிமரத்தில் கூட்டங்கூட்டமாக அப்பிக்கொள்ளும், இரவில் தீப்பந்தம் கொண்டுபோய்ச் சுடவேண்டும். அதைத் தவிர அந்த மாதத்தில் எனக்கு முருங்கையில் வேலை குறைவு.

ஆகவே கணக்குப் பார்த்துச் சொல்கிறேன். காசிக்குப் பத்து நாள் என்னால் ஆகாது. வெண்டையில் மட்டும் ஐந்து பறிப்பு போய்விடும். ஐப்பசி கடைசியில் மூன்று நாள் தாம்பரம் வந்து புதுமணத் தம்பதியைப் பார்த்துவிட்டு வருகிறேன்; உங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர் நின்றால் முன்கூட்டியே சொல்லிவிடு. நீங்கள் தையில் இங்கே வாருங்கள். பூசத்துக்குப் பழனி போகும் பாதயாத்திரைக்காரர்கள் எங்கள் சாலை வழியாகத்தான் நடப்பார்கள், இரவெல்லாம் காவடிப் பாட்டு கேட்கும். அன்னதானப் பந்தல்காரர்கள் கத்தரியையும் பூசணியையும் தோட்டத்துக்கே வந்து எடுத்துப் போவார்கள், சந்தைக்கு அலைச்சல் இல்லை. வேலியில் அவரை காய்த்துக் குலுங்கும் நேரம் அது. நீ பறிக்கலாம், கூலி கிடையாது.

தங்கச்சி மாடித் தோட்டத்துக்கு அவரை விதை கேட்டிருந்தது. போன வருஷக் காயிலிருந்து எடுத்த இருபது விதைகளைச் சாம்பலில் புரட்டி இத்துடன் பொட்டலமாக வைத்திருக்கிறேன். ஆசைப்பட்டு இப்போதே ஊன்றிவிட வேண்டாம் என்று சொல். பொழுது குறுகும் காலத்தில் பூக்கிற கொடி அது. இப்போது ஊன்றினால் சரியாக ஓடுமுன்னே பூவெடுத்துவிடும், நான்கு காய்கூடத் தேறாது. ஆடிவரை டப்பாவில் இருக்கட்டும். பந்தலுக்குக் கம்பி வேண்டாம், வெயிலில் சுட்டுக் கொழுந்து கருகும், கயிறு போதும்.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்.