மகப்பேற்று அலவன்ஸை முழுதாகக் கழிக்காதீர்கள்: பிரித்தானிய வேலை, ஓய்வூதியத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

லண்டனில் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய்மாருக்கு அரசாங்கப் படிவங்களை நிரப்பிக் கொடுப்பது என் வழக்கம். இதன் ஆங்கிலப் பிரதி உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேரும். பிள்ளை பெறும் தாய்க்கு அரசாங்கம் கொடுக்கும் மெட்டர்னிட்டி அலவன்ஸை, வருமானம் குறைந்தவர்களுக்கான மாத உதவியான யூனிவர்சல் கிரெடிட்டில் இருந்து முழுதாகக் கழிக்கிறீர்கள். தமிழிலும் எழுதக் காரணம், இந்தக் கணக்கில் காசை இழக்கிற பலருக்கு எங்கே இழந்தோம் என்பதே தெரியாது.

ஒரே தெருவில் இருக்கும் இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சூப்பர் மார்க்கெட்டில் காசு வாங்கும் டில்லில் நிற்கிறார். மற்றவர் சலூன் ஒன்றில் கதிரையை வாடகைக்கு எடுத்துப் புருவம் திருத்துகிறார், சுயதொழில். இருவரும் தனித் தாய்மார், வாடகை வீடு, யூனிவர்சல் கிரெடிட்டில் வாடகைக்கும் உதவி. டில்லில் நிற்பவருக்கு முதலாளி ஸ்டாச்சுட்டரி மெட்டர்னிட்டி பே, அதாவது சட்டப்படியான மகப்பேற்றுச் சம்பளம், கொடுக்கிறார்: முதல் ஆறு கிழமைக்குச் சம்பளத்தில் 90 வீதம், பிறகு 33 கிழமைக்கு, 2025-26 கணக்கின்படி, கிழமைக்கு அதிகபட்சம் 187.18 பவுண். சலூன்காரருக்கு உங்கள் துறையே மெட்டர்னிட்டி அலவன்ஸ் கொடுக்கிறது. தேசிய காப்புறுதியைச் சரியாகக் கட்டியிருந்தால் அதுவும் அதே 187.18 பவுண் வரை, 39 கிழமைக்கு.

மாதக் கணக்கில் இரண்டும் 811.11 பவுண். இதுவரை சரி. அப்புறம்தான் யூனிவர்சல் கிரெடிட்டின் வேலை தொடங்குகிறது. பிள்ளை பிறந்தபின் டில்லில் நிற்பவரின் காசை உழைப்பு வருமானமாக எடுத்து, 2025-26 கணக்கில் முதல் 411 பவுணைத் தொடாமல் விட்டு, மிச்சத்தில் 55 வீதத்தை மட்டும் கழிக்கிறீர்கள். 220 பவுண் போகும். சலூன்காரருக்கோ 811.11 பவுணையும் அப்படியே கழிக்கிறீர்கள். மாதம் 591 பவுண் வித்தியாசம், ஏழு மாதத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். கணவன் வேலைக்குப் போகிற வீட்டில் இது குறையலாம், ஆனால் அங்கேயும் மாதம் 365 பவுண் அளவுக்கு நிற்கும்.

2003 ஏப்ரலில் வந்து 2025 ஏப்ரல் 5ஆம் திகதியோடு முடிந்துபோன டாக்ஸ் கிரெடிட் என்ற பழைய உதவித் திட்டத்தில் இப்படி இருக்கவில்லை. அதில் மெட்டர்னிட்டி அலவன்ஸை வருமானமாகவே பார்க்கவில்லை. மெட்டர்னிட்டி பேயில் கிழமைக்கு முதல் 100 பவுணை விட்டுவிட்டார்கள். விடுமுறையின் முதல் 39 கிழமையும் அந்தத் தாய் வேலையில் இருப்பதாகவே கணக்கு. அந்தத் திட்டத்தைப் புகழ வரவில்லை. கூடக் கொடுத்துவிட்டோம், திருப்பித் தா என்று வருட முடிவில் வந்த கடிதங்களை எங்கள் ஆட்கள் இன்னும் மறக்கவில்லை. ஆனாலும் பிள்ளைப்பேற்று விஷயத்தில் அது நியாயமாக நடந்தது.

அலவன்ஸ் அரசாங்க உதவி, மற்றது முதலாளி கொடுக்கும் சம்பளம் என்பது உங்கள் துறையின் வாதம். இதை எதிர்த்துப் போன வழக்கை 2020இல் உயர் நீதிமன்றமும் தள்ளுபடி செய்தது. சட்டப்படி செல்லும், சரி. ஆனால் அந்த முதலாளி கொடுத்த காசில் 92 வீதத்தை அரசாங்கத்திடமிருந்தே திரும்ப எடுத்துக்கொள்கிறாரே? சிறு நிறுவனம் என்றால் 2025-26இல் 108.5 வீதம். இரண்டு பேருக்கும் போவது ஒரே கஜானாக் காசுதான், ஒன்று முதலாளியின் கையைச் சுற்றிப் போகிறது, அவ்வளவுதான்.

மெட்டர்னிட்டி பே கிடைக்காமல் அலவன்ஸில் விழுகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். ஏஜென்சி மூலம் கேர் வேலை செய்பவர், கர்ப்பமாக இருக்கும்போது வேலை மாறியவர், இரண்டு இடத்தில் துப்புரவு வேலை செய்து ஓரிடத்திலும் மெட்டர்னிட்டி பேக்கு வேண்டிய சம்பளம் எட்டாதவர். மெட்டர்னிட்டி பே கிடையாது என்று சொல்லும் எஸ்எம்பி1 படிவத்தை முதலாளி கையில் தந்துவிடுவார். அதோடு அலவன்ஸுக்கு விண்ணப்பிக்கும் எம்ஏ1 படிவத்தை நிரப்ப என்னிடம் வருவார்கள்.

நான்கு கிழமைக்கு ஒருமுறை அலவன்ஸ் எடுப்பவரின் வங்கிக் கணக்கில் விழுவது 748.72 பவுண். யூனிவர்சல் கிரெடிட்டின் இணையக் கணக்கான ஜேர்னலிலோ 811.11 கழித்திருக்கும். கிழமைக் காசை 52ஆல் பெருக்கிப் பன்னிரண்டால் பிரிக்கிறீர்கள் என்று நான் விளக்கினால், “வராத காசையும் கழிக்கிறாங்களா?” என்று கேட்கிறார்கள். வருடத்தில் அது சரியாகிவிடும் என்று சொல்லலாம். அந்த மாத வாடகைக்கு அந்தப் பதில் உதவாது. இப்படிக் கழித்துக் கழித்து யூனிவர்சல் கிரெடிட் பூச்சியமாகிவிட்டால், முதல் பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய 500 பவுண் ஷுவர் ஸ்டார்ட் என்ற மகப்பேற்றுக் கொடுப்பனவும் கைவிட்டுப் போகலாம்.

இதைத் திருத்தப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. 2013ஆம் ஆண்டு யூனிவர்சல் கிரெடிட் ஒழுங்குவிதிகளில் மெட்டர்னிட்டி பே 55ஆம் விதியில் உழைப்பு வருமானமாக இருக்கிறது, அலவன்ஸ் 66ஆம் விதியில் உழைக்காத வருமானமாக இருக்கிறது. அலவன்ஸை 55க்கு மாற்றுங்கள். அதுவரைக்கும், எம்ஏ1 படிவத்தின் முதல் பக்கத்திலேயே “இந்தக் காசு உங்கள் யூனிவர்சல் கிரெடிட்டில் முழுதாகக் கழியும்” என்று போடுங்கள். இரண்டுக்கும் உங்கள் துறையின் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன். வரும் பதிலைத் தாய்மாருக்கு வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
படிவம் நிரப்பும் ஒரு லண்டன் தமிழர்