கார்டிஃப் துறைமுகத்தை பார்த்து நாகை தெரிஞ்சுக்க வேண்டியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

நாகப்பட்டினம் துறைமுகத்தை மறுபடி பெருசாக்கணும்னு எங்க ஊர்ல எல்லாரும் பேசுறோம், 2023ல காங்கேசன்துறைக்கு கப்பல் விட்டதுல இருந்து அந்த ஆசை இன்னும் கூடிருச்சு. நானும் அதை விரும்புறவன்தான். ஆனா அதுக்கு முன்னாடி வேல்ஸ் நாட்டு கார்டிஃப்ல என்ன நடந்துச்சுன்னு நம்ம ஆளுங்க தெரிஞ்சுக்கணும்.

1801ல அங்க ரெண்டாயிரம் பேர் கூட இல்ல. மேல ரோண்டா பள்ளத்தாக்குல நிலக்கரி கிடைச்சுது, 1839ல அங்க பெரிய நிலக்காரரான ப்யூட் பிரபு டாக் (கப்பலை நிறுத்தி சரக்கு ஏத்துற துறை) கட்டினாரு, அடுத்த ரெண்டு வருஷத்துல ரயிலும் வந்துருச்சு, அப்புறம் ஊர் வளர்ந்த வேகமே வேற, 1913ல ஒரு கோடி டன்னுக்கு மேல கரி கப்பல் ஏறியிருக்கு. சோமாலியா, ஏமன், மேற்கிந்தியத் தீவுன்னு எங்கெங்கயோ இருந்து கப்பல் வேலைக்கு வந்தவங்க டாக் பக்கத்துலயே டைகர் பேங்கிற இடத்துல குடியேறி, கல்யாணம் காட்சின்னு உள்ளூர் ஜனங்களோட கலந்து வாழ்ந்தாங்க. 1919ல அவங்க மேல பெரிய கலவரமே நடந்துச்சு, அப்பவும் அவங்கள்ல நிறைய பேர் அந்த இடத்தை விட்டு போகல.

கப்பலெல்லாம் எண்ணெய்க்கு மாறுனதும் கரிக்கு மவுசு போச்சு, 1964ல ஏற்றுமதியே நின்னுருச்சு. அதே 60கள்லதான் டைகர் பே தெருக்களை பழசுன்னு சொல்லி இடிச்சுட்டு அடுக்குமாடி கட்டினாங்க. படிக்கும்போது மனசு கஷ்டப்பட்டது இந்த இடத்துலதான். 1987ல வளர்ச்சிக் கழகம் அமைச்சு, 1999ல அந்த விரிகுடா வாயில தடுப்பணை முடிச்சு, உள்பக்கத்தை 200 ஹெக்டேருக்கு நன்னீர் ஏரி ஆக்கினாங்க, கரையில வேல்ஸ் சட்டசபை, கலையரங்கம் எல்லாம் வந்துச்சு, பார்க்க அழகுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா சேத்து நிலம் தண்ணிக்குள்ள போயிட்டதால பறவைங்களுக்கு பக்கத்து ஊரான நியூபோர்ட் பக்கம் வேற சதுப்புநிலம் உண்டாக்க வேண்டியதாச்சு. இடிச்ச தெருவுக்கு அப்படி மாற்று எதுவும் கிடையாது.

நம்ம கடுவையாத்து முகத்துவாரத்துல அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் ஜனங்க 2004 சுனாமியில அத்தனை உசிரை பறிகொடுத்துட்டும் அதே கடலுக்குத்தான் போறாங்க. துறைமுகத்துக்கு எந்த திட்டம் வந்தாலும் வரைபடத்தை முதல்ல அவங்க கையில கொடுத்து, படகு எங்க கட்டுறது, வலை எங்க காயப்போடுறது, ஏலம் எங்க நடக்கும்னு எழுத்துலயே சொல்லணும். அந்த விவரத்தை உங்க பேப்பர்லயும் முழுசா போடணும்னு கேட்டுக்கிறேன்.

இப்படிக்கு,
நாகப்பட்டினம் வாசகர்