இரண்டு வாளிக் கடல்நீர்

தூத்துக்குடி,
ஜனவரி 18

அன்பு மகளுக்கு,

ஒரு வாரமாகத் தினமும் பி.எச். ஏற்றும் அந்தப் பொடியைப் போட்டும் உன் பவளத் தொட்டியின் பி.எச். காலையில் 7.7லிருந்து 7.8க்குத்தான் வந்திருக்கிறது, ஆல்கலினிட்டியைக் காட்டும் டிகேஎச் அளவு மட்டும் 8லிருந்து 11க்கு ஏறிவிட்டது என்று எழுதியிருந்தாய். சிரித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே அம்மா. நான் ஆய்வகத்தில் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக அளந்து விடும் பியூரெட்டைப் பிடித்துக்கொண்டே காலத்தைக் கழித்தவன். என் மகள் டப்பாவின் மேல் அச்சடித்ததை நம்பி ஏமாந்திருக்கிறாள்.

நம் மொழியில் இரண்டையும் காரத்தன்மை என்றே சொல்லிவிடுகிறோம். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. பி.எச். என்பது இந்த நிமிடம் தண்ணீர் எவ்வளவு அமிலமாக, அல்லது காரமாக இருக்கிறது என்பது. ஆல்கலினிட்டி என்பது அமிலம் வந்தால் தாங்குவதற்கு அதனிடம் உள்ள கையிருப்பு. பவளங்கள் எலும்புக்கூடு கட்டுவதும் அந்தக் கையிருப்பிலிருந்துதான்.

வாயால் சொன்னால் நீ கேட்கமாட்டாய் என்று, விடியற்காலையில் கடற்கரைக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்தேன். இரண்டு வாளிகள், ஒவ்வொன்றிலும் 20 லிட்டர். பி.எச். 8.1. ஆல்கலினிட்டியை அளக்க, 50 மி.லி. தண்ணீரில் அந்தக் கையிருப்பு தீரும்வரை 0.02 நார்மல் செறிவுள்ள அமிலத்தை விட்டேன். 6.3 மி.லி. செலவானது, அதாவது ஏறத்தாழ 7 டிகேஎச்.

முதல் வாளியில் 1.2 கிராம் ஆப்பசோடா, அதாவது சோடியம் பைகார்பனேட். இரண்டாவதில் அதையே சூட்டடுப்பில் 150 டிகிரியில் ஒரு மணி நேரம் வறுத்துப் போட்டேன். வறுத்தால் ஆவியும் கரியமில வாயுவும் வெளியேறி அது சோடியம் கார்பனேட் ஆகிவிடும். 100 கிராம் வைத்தால் 63 கிராம்தான் மிஞ்சும். அதனால் இதில் 0.76 கிராம் போதும். முதல் வாளியில் பி.எச். அசையவே இல்லை, சொல்லப்போனால் ஒரு மயிரிழை இறங்கியது. இரண்டாவதில் 8.4ஐத் தாண்டி ஓடியது. உன் பொடியும் இந்த இனம்தான்.

இரவு முழுவதும் இரண்டிலும் காற்றுக்குழாய் ஓடியது. காலையில் பார்த்தால் இரண்டுமே 8.2! முதல் வாளியில் மிகுதியாக இருந்த கரியமில வாயு வெளியேறிவிட்டது; இரண்டாவதில் காற்றிலிருந்த கரியமில வாயு உள்ளே கரைந்து, கார்பனேட்டைப் பைகார்பனேட்டாக்கிவிட்டது. ஆனால் அமிலம் இரண்டுக்குமே 8.1 மி.லி. கேட்டது, 9 டிகேஎச். இரண்டாவதில் ஏறிய பி.எச். வந்த வழியே போய்விட்டது, ஆல்கலினிட்டி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. கரியமில வாயு எவ்வளவு வந்தாலும் போனாலும் ஆல்கலினிட்டி மாறாது என்பதை நீ பரீட்சையில் எழுதியவள்தான்.

உன் சிக்கல் தண்ணீரில் இல்லை, டொராண்டோ குளிருக்குச் சாத்திய ஜன்னலில் இருக்கிறது. மூடிய வீட்டுக்குள் மனிதர்கள் விடும் மூச்சிலும் எரிவாயு அடுப்பின் புகையிலும் உள்ள கரியமில வாயு தொட்டியில் கரைந்து பி.எச்.ஐ இறக்குகிறது. இதைச் சோதிப்பது சுலபம். ஒரு குவளைத் தொட்டித் தண்ணீரில், ஜன்னல் இடுக்கு வழியாக வெளிக்காற்றை இழுத்து ஒரு மணி நேரம் குமிழி விடு. தண்ணீர் குளிர்ந்துவிட்டால் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு அள. பி.எச். ஏறினால் பொடியைத் தூக்கிப் போட்டுவிட்டு, குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை வெளியே நீட்டி வை. ஹீட்டர் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கிறது என்றாயே, அது கால்சியம் கார்பனேட். பொடியைக் கொட்டிய இடத்தில் பி.எச். குதித்து, பவளத்துக்குப் போகவேண்டியது அங்கே கல்லாகிவிட்டது.

டிகேஎச் 11ஐக் கண்டு பதறாதே, ஒன்றும் போடாமல் விடு. பவளங்கள் தின்று தானே இறங்கும்.

ஆப்பசோடா டப்பா எங்கே என்று உன் அம்மா மூன்று நாளாகத் தேடுகிறாள். நான் வாய் திறக்கவில்லை, நீயும் போனில் உளறிவிடாதே. குவளைச் சோதனையின் முன், பின் எண்களை அனுப்பு. 'கொஞ்சம் ஏறியிருக்கிறது அப்பா' என்று எழுதினால் பதில் போடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா