பின் டெக்கில் எரிந்த விளக்கு

உஷுவாயா, அர்ஜென்டினா
பிப்ரவரி 19

ஏல அந்தோணி,

திட்டணும்னா இப்பவே திட்டி முடிச்சிரு, பெறவு படி. அஞ்சு மாசமா ஒரு வரி எழுதல. சின்னவ புதுநன்மைக்கு வாழ்த்துகூடச் சொல்லல. பெரியம்மா மூட்டுவலி எப்படி இருக்கு? சீட்டுப் பணம் முதல் தேதியே மணி கணக்குல போட்டுட்டேன். 'நாளைக்குத் தாரேன்'னு சொன்னான்னா எந்த வருசத்து நாளைக்குன்னு கேளு.

போன்லயே சொல்லிருக்கலாம். ஆனா போன்ல நீ சிரிப்ப, நானும் சேந்து சிரிச்சிருவேன், சொல்ல வந்தது அப்படியே அமுங்கிப் போயிரும். அதான் காயிதம்.

ஒரு தப்புப் பண்ணிட்டேன்ல.

இந்த சீசன்ல எங்க கப்பல் நாலு தடவை தெற்கு ஜார்ஜியாத் தீவுக்குப் போச்சு. ஃபாக்லாந்துல இருந்து கிழக்க ரெண்டு நாளுக்கு மேல ஓட்டம். மரம்னு ஒண்ணு கிடையாது. பனிமய மாதா கோயில் நிழல்ல வளந்த உனக்குப் பனின்னா என்னன்னு இங்க கொண்டாந்துதான் காட்டணும். கரையில இறங்கும் முன்ன பயணிகளுக்கு நடக்குற சோதனையைப் பாத்து நாங்க மெஸ்ல உக்காந்து சிரிப்போம். ஷூவுக்கு அடியில ஊசி விட்டு மண்ணைக் கிண்டணும். வெல்க்ரோ பட்டையில சிக்கின புல் விதையைச் சாமணம் வச்சு ஒண்ணொண்ணா எடுக்கணும். மருந்துத் தண்ணியில காலை முக்கணும். கரைக்குப் போன பெறவு உக்காரக் கூடாது, முட்டி போடக் கூடாது, பையைத் தரையில வைக்கக் கூடாது. பல லட்சம் குடுத்து வந்த சீமாட்டி ஒருத்தி காலுறையைப் பொரட்டிப் போட்டு விதை பொறுக்கிக்கிட்டு இருந்தா. மாதா தேருக்கு நேர்ந்துக்கிட்டவங்ககூட இம்புட்டுச் சுத்தபத்தமா இருந்ததில்லன்னு கேலி பண்ணினது நான்தான். என் வாய் உனக்குத் தெரியாதா.

இருட்டினதும் அங்க இன்னொரு சட்டம் இருக்கு. எல்லா ஜன்னலுக்கும் திரை போடணும், கப்பலுக்குக் கட்டாயம் வேண்டிய விளக்கு தவிர மத்ததெல்லாம் அணைக்கணும். விளக்கு என் பொறுப்பு. எலெக்ட்ரீஷியன்னு சம்பளம் வாங்குதேன்ல.

அன்னைக்கு ஒரு குடாவுல நங்கூரம் போட்டிருந்தோம். மூடுபனி, கூடவே பொடித் தூறல். ரப்பர் படகைத் தூக்குற கிரேன்ல லிமிட் சுவிட்சு மக்கர் பண்ணிச்சு. ராத்திரி பத்து மணிக்குப் பின் டெக்குல ஃப்ளட் லைட்டைப் போட்டேன், சுவிட்சைக் கழத்தி மாத்தினேன், டூல்ஸ் பையைத் தூக்கிக்கிட்டு குளிர் தாங்காம உள்ள ஓடிட்டேன். டீ குடிச்சேன், படுத்தேன். அந்த லைட்டு பாட்டுக்கு எரிஞ்சுக்கிட்டுக் கிடந்திருக்கு.

ஒண்ணரை மணிக்கு போசன், டெக்கு ஆளுங்களுக்கு மேஸ்திரி, வந்து கதவை இடிச்சான். "உன் விளக்கை வந்து பாரு"ன்னான். வேற ஒண்ணும் சொல்லல.

டெக்கு முழுக்கப் பறவைல. பிரையான்னு ஒரு ஜாதி, நீலச் சாம்பல் நிறம், புறாவை விடச் சின்னது. டைவிங் பெட்ரல்னு இன்னொண்ணு, உள்ளங்கையில அடங்கிரும். கயித்துச் சுருளுக்குள்ள, வின்ச்சுக்கு அடியில, வடிகால் ஓட்டையில எல்லாம் முண்டிக்கிட்டுக் கிடக்கு. தண்ணியில கெட்டிக்காரப் பறவைங்க, ஆனா கால் நிக்கதுக்குத் தோதில்லாதது. டெக்குல விழுந்தா எந்திரிச்சுப் பறக்கத் தெரியாது. இறகுல கிரீஸ் பட்டா தண்ணி உள்ள எறங்கிரும், குளிர்லயே முடிஞ்சு போயிரும். நான் லைட்டை அணைக்க ஓடுறப்பவே என் தலைக்கு மேல ஒண்ணு கம்பியில மோதி விழுந்துச்சு. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஈரத் துணியைச் சுவத்துல எறிஞ்ச மாதிரி.

சமையல்கட்டுல இருந்து ஆப்பிள் பெட்டி, முட்டைப் பெட்டி எல்லாம் வந்துச்சு. அடியில காயிதத் துண்டைப் போட்டு, பெட்டிக்குள்ள ஒவ்வொண்ணா விட்டு, இருட்டான இடத்துல வச்சோம். காஞ்சதும் கப்பலோட இருட்டுப் பக்கமாக் கொண்டுபோய் விட்டோம். விடியுற வரைக்கும் எட்டுப் பேர். மொத்தம் நூத்தி நாப்பத்து மூணு எடுத்தோம். பதினோரு பறவை பெட்டியிலயே செத்துப் போச்சு. கையில ஏறின எண்ணெய் வாடை மூணு நாளா சோப்புக்கு மசியல.

அதுங்க ஏன் ராத்திரி வருதுன்னா, பகல்ல வந்தா ஸ்கூவாங்கிற பறவை அடிச்சுத் தின்னுரும். அதனால இருட்டுலதான் கடல்ல இருந்து கரைக்கு வரும். கரையில மண் பொந்துக்குள்ள குஞ்சு, ஒத்தைக் குஞ்சு. பிப்ரவரின்னா அது இன்னும் பறக்காத பருவம். கடலுக்குப் போனவங்க திரும்பி வராத வீடு எப்படி இருக்கும்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. இதை எழுதவா வேண்டாமான்னு ரொம்ப நேரம் யோசிச்சேன்.

கேப்டன் கத்தல. பறவை மோதினா தீவு நிர்வாகத்துக்கு அறிக்கை அனுப்பணும். அதுல காரணம்னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதை நானே எழுதிக் குடுத்தேன்.

இதுல என்னைக் குத்துறது எதுன்னா, அந்தத் தீவுல இதே பறவைகளுக்காக ஆளுங்க பட்ட பாடு. அது பழைய திமிங்கில வேட்டைக் கூடாரம். 1904ல நார்வேக்காரர் லார்சன் க்ரிட்விக்கன்ங்கிற இடத்துல திமிங்கில எண்ணெய் ஆலை போட்டார். தீவு முழுக்கச் சேத்து அறுபது வருசத்துல 1,75,000 திமிங்கிலம் போச்சு. கொதிகலனெல்லாம் துருப்பிடிச்சு இன்னும் அப்படியே நிக்குது. அதுக்கும் முன்னால சீல் வேட்டைக்காரங்க கப்பல்ல எலி வந்து எறங்கிருக்கு. எலிக்கு என்ன, தரையில பொந்து, பொந்துல முட்டை, காவலுக்கு ஆளில்ல. இந்த பிரையானும் பெட்ரலும் எலி ஏறின பக்கமெல்லாம் துடைச்ச மாதிரி ஆயிருச்சு.

2011, 2013, 2015னு மூணு சீசன் ஹெலிகாப்டர்ல விஷத் தீனி தூவினாங்க. முந்நூறு டன். எலி பனியாறு தாண்டாது. அதனால பனியாறு பனியாறாப் பிரிச்சுக்கிட்டு, ஒரு துண்டை முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போனாங்க. ஆனா பூமி சூடாகி அந்தப் பனிச்சுவரே பின்வாங்கிக்கிட்டு இருந்துச்சு. சுவர் போனா எலி இந்தப் பக்கம் வந்துரும், செஞ்சதெல்லாம் வீண். அந்த அவசரத்துல ஓடி ஓடிச் செஞ்ச வேலைல அது. கடைசியா நாயை விட்டு மோப்பம் பிடிச்சு, 2018ல எலி இல்லன்னு அறிவிச்சாங்க. அங்க மட்டுமே இருக்குற பிபிட்னு ஒரு பாட்டுக் குருவி உண்டு. எலியால ஒதுக்குப்புறத் தீவுகளுக்கு ஒண்டப் போனது, இப்ப க்ரிட்விக்கன்லயே பாடுது. நானே கேட்டேன். ஏழு வருசம் எலியை விரட்டி இருட்டை மீட்டுக் குடுத்த ஊருக்கு நம்ம ஆளு போய் லைட்டைப் போட்டான்.

இரு, நீ இப்ப என்ன சொல்லுவன்னு தெரியும். போன கிறிஸ்துமஸ்ல சொன்னியே, பறவைக்கு அழுறவன் எவனும் வலைக்காரனுக்கு அழுததில்லன்னு. அதுக்கும் பதில் கொண்டாந்திருக்கேன். உங்கப்பா ஆயிரங்கால் தூண்டில்னு சொல்லுவாரே, அதே மாதிரி மைல் கணக்குல போடுற தூண்டில்தான் இங்க டூத்ஃபிஷ்ங்கிற ஆழ்கடல் மீனுக்கும். தொண்ணூறுகள்ல இரை மூழ்கும் முன்ன ஆல்பட்ராஸ்ங்கிற பெரிய கடல் பறவை பாஞ்சு கவ்வும், கொக்கியோட உள்ள போகும். வருசத்துக்கு ஆயிரக்கணக்குல செத்துச்சு. மீன் பிடிக்காதன்னு யாரும் சொல்லல. ராத்திரியில போடு, குண்டு கட்டி வேகமா இறக்கு, பறவை முட்டை வைக்கிற கோடையில வராத, கப்பலுக்குப் பின்னால நாடா தொங்குற கயிறு ஒண்ணு கட்டுன்னாங்க. அந்தக் கயிறு ஜப்பான் மீன்காரங்க கண்டுபிடிச்சது. வாத்தியான் எவனும் சொல்லிக் குடுக்கல. இப்ப அந்தத் தண்ணியில கொக்கியில சாகுறது கிட்டத்தட்ட இல்ல. மீனும் பிடிக்கத்தான் செய்யுதாங்க.

ஆனாலும் வாண்டரிங் ஆல்பட்ராஸ் குறைஞ்சுக்கிட்டுத்தான் வருது. றெக்கையை விரிச்சா மூணரை மீட்டர் வரை வரும்ல, உன் பழைய வள்ளத்துல குறுக்க வச்சா ரெண்டு பக்கமும் வெளிய நீட்டும். பத்து வயசாகும் முட்டை வைக்க, அதுவும் ரெண்டு வருசத்துக்கு ஒண்ணு. அது தீவுத் தண்ணிக்குள்ளயே இருந்துச்சுன்னா சரி. இரை தேடி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகுது, அங்க சூரைக்குத் தூண்டில் போடுற கப்பல்ல எவன் கயிறு கட்டுதான், எவன் கட்டலன்னு யார் பாத்தா?

பறவைக் காய்ச்சல் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னும் நாலு தாள் வேணும். 2023 அக்டோபர்ல தெற்கு ஜார்ஜியாவுல ஸ்கூவாக்கள்ல உறுதியாச்சு. 1996ல சீனாவுல ஒரு பெருவாத்துப் பண்ணையில கண்ட ஜாதி வைரஸ், பண்ணை பண்ணையாப் பரவிக் காட்டுப் பறவையில ஏறி அண்டார்டிகா வரைக்கும் வந்திருச்சு. அது யானைச் சீலையும் விடல. முக்கியமான மூணு கரையில குட்டி போடுற பெட்டைங்க ரெண்டே வருசத்துல 47 சதவீதம் குறைஞ்சு போச்சுன்னு கணக்கு எடுத்திருக்காங்க. காலு கழுவச் சொன்னப்ப நான் சிரிச்சேன் பாரு.

இப்ப ஃப்ளட் லைட்டுக்கு ஒரு டைமர் போட்டுட்டேன். பத்து நிமிசம், தானா அணைஞ்சிரும். வேலை முடியாட்டி திரும்ப எந்திரிச்சுப் போய் அமுக்கணும். பயலுக என்னைத் திட்டுதானுக, திட்டட்டும்.

ஒரு உதவி வேணும். வில்சன் பெட்ரல்னு குட்டிப் பறவை, கறுப்பு, வால் மூட்டுல மட்டும் வெள்ளைப் பட்டை. தண்ணி மேல கால் வச்சு நடக்குற மாதிரி போகும். அண்டார்டிகாப் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு நம்ம இந்துமகாக் கடல் வரைக்கும் வருமாம். ஸ்டீபன் ஆழ்கடலுக்குப் போறான்ல, கச்சான் காத்துக் காலத்துல அப்படி எதையாவது பாத்திருக்கானா, அவங்க அதுக்கு என்ன பேர் சொல்லுதாங்கன்னு கேட்டு எழுது. பாத்ததில்லன்னு சொன்னாலும் எழுது.

ஏப்ரல்ல வாரேன். மக்ரூன் வாங்கி வச்சிராத, நமுத்துப் போவும், வந்த பெறவு சேந்து போவோம்.

உன்
முருகேசன்

பி.கு: அந்த மைனா விஷயத்தை என் மகன்கிட்ட நீ சொல்லிட்டதாக் கேள்விப்பட்டேன். முழுசாச் சொல்லு அவன்கிட்ட. குறி என்னுதுதான், உண்டிவில்லும் கல்லும் உன்னுது.