அந்த ஒரு மணி நேரத்துக்கு நன்றி

கிறிஸ்துவில் அன்பான எல்லோருக்கும்,

என் கணவர் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நடந்ததையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, எழுதவும் தேவையில்லை, அந்த வாரங்களில் நீங்களும் எங்களோடுதானே இருந்தீர்கள். வலி முழுக்கப் போய்விடவில்லை, இனி கொஞ்சம் வலியோடுதான் வாழ வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆனாலும் இவர் பக்கத்து அறையில் தூங்குகிறார், மூச்சுவிடும் சத்தம் இங்கே வரை கேட்கிறது, அதற்கே ஆண்டவருக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் போதாது. நாளைக்கு என்று வைத்தால் வேலைகளில் தள்ளிப்போய்விடும், அதனால் இரவோடு இரவாக எழுதுகிறேன்.

இரத்தம் கொடுத்தவர்கள், பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்துச் சாப்பாடு போட்டுப் படிக்கவும் வைத்தவர்கள், பணம் கொடுத்துவிட்டு யாரிடமும் சொல்லாதீர்கள் என்றவர்கள், நோயாளிக்கு எண்ணெய் பூசிச் செபிக்கும் நோயில்பூசுதல் கொடுக்க நடுராத்திரியில் ஓடிவந்த பங்குத்தந்தை, முறை வைத்துச் செபமாலை சொன்ன நம் தெருச் செபக்குழுவான அன்பியத்தார், இரவுப் பணியில் ஒருமுறைகூட முகம் சுளிக்காத செவிலியர்கள், எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் என்று வருத்தப்படாதீர்கள், ஒவ்வொருவர் பெயரும் என் செபத்தில் தனித்தனியாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். திருப்பலிக்கு வந்தால் கடைசி வரிசையில் தூண் ஓரமாக உட்காருவாரே, அந்த அக்கா. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதுவரை அவரோடு நான் ஒரு புன்சிரிப்பைத் தாண்டிப் பழகியதில்லை. ஒருநாள் மதியம் கதவருகில் வந்து நின்றார். மருத்துவர் என்ன சொன்னார், இனி எப்படி, ஏன் இப்படி ஆனது, ஒன்றுமே கேட்கவில்லை. "நீ போய் கொஞ்சம் காத்தாட உக்காந்துட்டு வாம்மா, ஒரு மணி நேரம் நான் பாத்துக்கறேன்" என்றார். நான் தயங்கினேன். "தம்பி கேட்டா பக்கத்துலதான் இருக்கான்னு சொல்றேன், போ."

போனேன். முகம் கழுவினேன். வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோதுதான் எத்தனை நேரமாக நான் பகல் வெளிச்சத்தையே பார்க்கவில்லை என்று உறைத்தது. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். அதற்கு மறுநாளும். இவர் வீடு திரும்பும் வரை ஒருநாள்கூடத் தவறவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் சில நாள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனேன், சில நாள் இவர் கண்ணில் படாமல் அழுது தீர்த்தேன், சில நாள் சும்மா வருகிறவர் போகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் திரும்பி வரும்போது வலி கூடி இவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார், அக்கா நெற்றியைத் துடைத்துவிட்டபடி சொல்லிக்கொண்டிருந்தார்: "வலிச்சா கத்துங்க தம்பி. சிலுவையில ஆண்டவரே சத்தமாத்தான கூப்பிட்டாரு." இவர் கத்தினார். எனக்கு அதைக் கேட்கவே முடியவில்லை, ஆனால் அதன் பிறகு இவர் முகம் இளகியதையும் பார்த்தேன்.

அந்த மதியங்களில்தான் மறைசாட்சி பெர்பேத்துவா சிறையில் எழுதியதை வாசித்தேன், பங்குத்தந்தை ஒரு பிரதி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். திருப்பலியில் குருவானவர் சொல்லும் முதலாம் நற்கருணை மன்றாட்டில் பெலிசித்தாவின் பெயரையும் பெர்பேத்துவாவின் பெயரையும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம், அல்லவா? வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தில் 203 ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று விசுவாசத்துக்காக உயிர் கொடுத்தவர்கள். பெர்பேத்துவாவுக்கு வயது சுமார் 22, கையில் பால்குடிக் குழந்தை. சிறையின் இருட்டு, நெரிசல், புழுக்கம், எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதுகிறார், பயமாக இருந்தது என்றே எழுதுகிறார். அப்புறம் ஒரு செய்தி வருகிறது, அதை வாசித்ததும் நான் தாளை மடியில் வைத்துவிட்டேன். தெர்சியுஸ், பொம்போனியுஸ் என்று திருச்சபைப் பணியாளர்களான இரண்டு திருத்தொண்டர்கள் காவலர்களுக்குப் பணம் கொடுத்து, கைதிகளைச் சில மணி நேரம் மட்டும் சிறையின் நல்ல பகுதிக்கு மாற்ற ஏற்பாடு செய்தார்களாம். அங்கே உட்கார்ந்துதான் பசியில் வாடியிருந்த குழந்தைக்கு அவர் பால் கொடுத்தார். அந்த இரண்டு பேராலும் சிறையை உடைக்க முடியாது, தீர்ப்பை மாற்ற முடியாது. அவர்களால் முடிந்தது அந்தச் சில மணி நேரம்தான். அதைச் செய்தார்கள், பெர்பேத்துவா மறக்காமல் அவர்கள் பெயரை எழுதி வைத்தார், 1800 ஆண்டுகள் கழித்து நான் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அதை வாசிக்கிறேன், மேலே இவர் பக்கத்தில் அக்கா இருக்கிறார். அன்றைக்கு நான் அழுதது துக்கத்தில் இல்லை.

பெலிசித்தா அடிமைப் பெண், எட்டு மாதக் கர்ப்பிணி. சிறையிலேயே பிரசவ வலி வந்தது. அவர் வலியில் அலறியபோது காவலன் ஒருவன், இதற்கே இப்படி அலறுகிறாயே, அரங்கில் காட்டு விலங்குகளுக்கு முன் தள்ளும்போது என்ன செய்வாய் என்று ஏளனம் செய்தான். அவர் சொன்ன பதில் இது: இப்போது படுவதை நானே படுகிறேன்; அங்கே எனக்குள் இன்னொருவர் இருந்து எனக்காகப் படுவார், நானும் அவருக்காகவே படுவேன். பிறந்த பெண் குழந்தையை ஒரு சகோதரி தன் மகளாக வளர்த்தார் என்று அந்த வரலாறு சொல்கிறது. அந்தச் சகோதரியின் பெயர்கூட இல்லை. எனக்கு அந்தப் பெயரில்லாத பெண்மீது ஒரு தனிப் பாசம் வந்துவிட்டது.

மறைசாட்சிகள் என்றால் வலியே தெரியாதவர்கள் என்று யாராவது சொன்னால் இனி நான் பெலிசித்தாவைப் பற்றிச் சொல்வேன். துன்பத்தை ஏற்றுக்கொள்வது என்பது துன்பத்தைத் தேடிப் போவதும் இல்லை, மருந்தை ஒதுக்குவதும் இல்லை. 155 ஆம் ஆண்டு வாக்கில் சிமிர்னாவில் எரிக்கப்பட்ட ஆயர் பொலிக்கார்ப்பு முதலில் ஊருக்கு வெளியே ஒரு பண்ணை வீட்டுக்கு ஒதுங்கிப் போனவர்தான். தேடி வந்து பிடித்தபோது, வந்தவர்களுக்குச் சாப்பாடு போடச் சொல்லிவிட்டு, செபிக்க ஒரு மணி நேரம் மட்டும் கேட்டார். ஆண்டவரே தாம் பிடிபட்ட இரவில் கெத்சமனித் தோட்டத்தில் இந்தத் துன்பக் கிண்ணம் அகலட்டும் என்று கேட்டுவிட்டுத்தான் உம் விருப்பப்படியே ஆகட்டும் என்றார். அந்த வரிசை எனக்கு இப்போது ரொம்ப முக்கியம். கேட்கலாம், அழலாம், மாத்திரை போடலாம், அதற்கப்புறமும் மிஞ்சுகிற வலியை அவர் கையில் கொடுக்கலாம். இவர் இப்போது அப்படித்தான் செய்கிறார், வலி வரும்போது யாராவது ஒருவர் பெயரைச் சொல்லி அவர்களுக்காக ஒப்புக்கொடுக்கிறார். உங்களில் பலர் பெயர் அதில் வந்துவிட்டது.

2022 இல் புனிதராக உயர்த்தப்பட்ட நம் தேவசகாயத்தையும் நினைத்துக்கொள்கிறேன். திருமுழுக்குப் பெறும் முன் நீலகண்டனாக இருந்த காலத்தில் இழப்புகளால் துவண்டுபோயிருந்தவருக்கு டச்சுத் தளபதி டிலனாய்தான் எல்லாவற்றையும் இழந்தும் கடவுளை விடாத விவிலிய யோபுவின் கதையைச் சொன்னார். 1752 இல் விசுவாசத்துக்காகச் சுடப்பட்டபோது குண்டுகளுக்கு முன் நின்ற அந்த உறுதிக்குப் பின்னால், கஷ்டத்தில் இருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஒரு மனிதர் இருக்கிறார். யோபுவின் நண்பர்களும் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் செய்ததிலேயே நல்லது அதுதான் என்பது என் எண்ணம்.

அக்கா, நீங்கள் இதை வாசிப்பீர்களோ என்னவோ, யாராவது வாசித்துக் காட்டுவார்கள். நான் கையைப் பிடித்து நன்றி சொன்னபோது "இதுல என்னம்மா இருக்கு, சும்மா உக்காந்துதானே இருந்தேன்" என்று போய்விட்டீர்கள். எனக்கு அப்போது பதில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்திருந்ததால்தான் எனக்கு நிற்கத் தெம்பு இருந்தது.

வருகிற மார்ச் 7 அன்று உங்கள் எல்லோருக்காகவும் திருப்பலி ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், முடிந்தவர்கள் வாருங்கள். அதோடு ஆண்டவர் முன்னால் ஒரு வாக்கும் கொடுத்திருக்கிறேன்: யார் வீட்டிலாவது, எந்த மருத்துவமனையிலாவது நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர் தனியாக இருந்தால், மதியம் ஒரு மணி நேரம் நான் வந்து இருப்பேன். எனக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. கேட்கக் கூச்சமாக இருந்தால் பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள், அவர் எனக்குச் சொல்லிவிடுவார். இவரும் சரி என்று சொல்லிவிட்டார், அந்த ஒரு மணி நேரம் தனியாக இருந்து உங்களுக்காகச் செபிப்பாராம்.