பணிப்பகிஷ்கரிப்பு நாளில் எத்தனை ரயில்கள் ஓடலாம்? இலங்கை ரயில்வே பொது முகாமையாளருக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொது முகாமையாளர் அவர்களுக்கும், சாரதிகள், நிலைய அதிபர்கள், ரயில் காவலர்கள் (கார்டுகள்) ஆகியோரின் சங்கத் தலைவர்களுக்கும்,

2023 செப்டெம்பர் 12ஆம் திகதி, சாரதிகளின் பணிப்பகிஷ்கரிப்புக்கு நடுவே ஓடிய சொற்ப ரயில்களில் ஒன்றின் கூரையில் பயணித்த இளைஞர் ஒருவர் ஹொரபே அருகே உயிரிழந்தார். கூரையில் ஏறியது அவர் தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பல ரயில்களில் பிரிந்து போகவேண்டிய கூட்டம் ஒரே ரயிலை மொய்த்து, மிதிபலகையிலும் கூரையிலும் ஆட்கள் தொங்குவது கண்ணெதிரே தெரியும்போது, அதைப் புறப்பட அனுமதிப்பது யாருடைய பொறுப்பு என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ரயில் சேவையை அத்தியாவசிய சேவையாக்கும் வர்த்தமானி ஊழியரைக் கடமைக்கு அழைக்கலாம். வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு பாதையைப் பாதுகாப்பாக இயக்கப் போதுமா என்பதை அது சொல்லாது.

ரம்புக்கனைக்கு அப்பால் மலையகப் பாதை ஒற்றைத் தண்டவாளம். தோல்பையில் இட்டு வளையத்தில் மாட்டிய டெப்லட் என்னும் உலோகத் தட்டை, நிலையத்தில் கைநீட்டி வாங்கிக்கொண்டு ரயில் நகர்வதை ஹட்டன் பக்கம் போய்வந்தவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரு தட்டு வெளியே இருக்கும்வரை அந்தப் பகுதியின் இரு முனைகளிலும் உள்ள கருவிகள் இன்னொன்றை விடுவிப்பதில்லை. எதிரெதிரே இரு ரயில்கள் வராமல் காப்பது அதுதான். ஆகவே சாரதி பத்துப்பேர் கடமையில் இருந்தாலும், ஒரு முனையில் நிலைய அதிபர் இல்லையென்றால் அந்தப் பகுதியில் ரயில் ஓடக்கூடாது என்பதே என் கருத்து. தொலைபேசியில் கிடைக்கும் வாய்மொழி அனுமதி அதற்கு ஈடாகாது.

எனவே குறைந்தபட்ச சேவையை, 'இயன்றளவு ரயில்கள்' என்று அன்று காலையில் தீர்மானிக்காமல், நிர்வாகமும் சங்கங்களும் அமைதியான ஒரு நாளில் அமர்ந்து, பாதை பாதையாக ஆட்தேவையைக் கணக்கிட்டு, எழுத்தில் ஒப்பமிடவேண்டும். ஓய்வில்லாமல் ஒரே சாரதியை இரட்டைக் கடமைக்கு அனுப்பக்கூடாது. கூட்டம் மிஞ்சியது என ரயில் காவலர் ரயிலை நிறுத்தினால், அவர்மீது நடவடிக்கை எடுக்கக்கூடாது.

சங்கத் தலைவர்களே, உங்கள் உரிமையை நான் மறுக்கவில்லை. நள்ளிரவில் திடீரென அறிவிக்கும் வழக்கத்தையும், பாதிவழியில் பயணிகளை இறக்கிவிடும் நிலையையும் மட்டும் கைவிடுங்கள். ஓடும் ரயில்களின் அட்டவணை முதல்நாள் மாலையே எல்லா நிலையங்களிலும் மும்மொழியிலும் ஒட்டப்பட்டால், வரமுடியாத ரயிலுக்காக எவரும் மேடையில் காத்திருக்கமாட்டார்.

இப்படிக்கு,
ராகமையிலிருந்து கோட்டைக்குப் பருவச்சீட்டில் பயணிக்கும் ஒருவர்