மரக் கட்டிடத்துக்கு சைன் போடுறவங்களுக்கு ஒரு மரக்கடைக்காரன் எழுதுறது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் (எங்க நைனாவுக்கு இன்னிக்கும் இது மொத்தமும் வட ஆற்காடு தான்) வீடு, ரிசார்ட், மண்டபம்னு பிளான் போடுற இன்ஜினியர் சாருங்களுக்கும், அந்த பிளானை பாத்து சைன் போடுற ஆபீசர்ங்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்துல மரக்கடை வெச்சிருக்கேன். தாத்தா காலத்துல இருந்து ஆசாரி வேலை, நான் படிச்சது ஐடிஐ வரைக்கும் தான், அதனால ஃபார்முலா போட்டு உங்களுக்கு பாடம் எடுக்க வரல. ஆனா மரத்தை கையால தொட்டு முப்பது வருஷமாவுது, ஒரு விஷயம் ரொம்ப நாளா உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

போன வருஷம் நம்ம கஸ்டமர் ஒருத்தர் ஏலகிரி மேல காட்டேஜ் கட்டணும்னு வந்தாரு. கீழ சாப்பாட்டு ஹாலு, மேல நாலு ரூமு, வெளிய நீட்டிட்டு பெரிய பால்கனி, எல்லாமே மாஸ் டிம்பர்ல. தெரியாதவங்களுக்கு சொல்றேன், இது பழைய மர வீடு மாதிரி கிடையாது. பலகைய ஒரு வரிசை நீளவாக்குல, அடுத்த வரிசை குறுக்க, அதுக்கு மேல திரும்ப நீளவாக்குலன்னு பசை போட்டு பெரிய பிரஸ்ஸுல அழுத்தி 3, 5, 7 அடுக்கா செஞ்சா அது சிஎல்டி, சுவருக்கும் தளத்துக்கும் ஆவும். பிளைவுட் மாதிரி தான், ஆனா ஒவ்வொரு அடுக்கும் கனமான பலகை. எல்லா பலகையும் ஒரே வாட்டத்துல ஒட்டினா கிளூலாம், தூணுக்கும் தூலத்துக்கும். ஃபேக்டரியிலயே அளவு வெட்டி லாரில வரும், சைட்ல நிறுத்தி ஸ்க்ரூ போல்ட் போடறது தான் வேலை.

அவரு பிளானை எடுத்துட்டு ஒரு இன்ஜினியர் கிட்ட போனாரு. "மரமா? தீப்பிடிச்சா இன்னா பண்ணுவீங்க?" அவ்ளோ தான், ஃபைலை மூடிட்டாரு. இன்னொருத்தர் கிட்ட போனாரு. அவரு ஃபோனை எடுத்து நார்வேல 18 மாடில நிக்குற கட்டிடத்தை காட்டி "அவனே கட்டறான், நமக்கு இன்னா சார்"னு பத்தே நிமிஷத்துல ஓகே சொல்லிட்டாரு. ஒருத்தர் வேணாம்னாரு, ஒருத்தர் சரின்னாரு, ரெண்டு பேருமே மழை பெஞ்சா அந்த பால்கனி தண்ணி எங்க போவும்னு கேக்கல. என் கடுப்பு அது மேல தான்.

முதல்ல தீ கதைய முடிச்சுடறேன். எங்க ஊரு தீப்பெட்டி ஊரு, எனக்கு தெரியாதா மரம் எரியும்னு. குச்சி ஒரு உரசுல பத்திக்கும். அதே மரத்துல ஒரு அடி கனத்துல ஒரு கட்டைய கல்யாண சமையல் அடுப்புல சொருகி பாருங்க, சமையல்காரர் கண்ணுல தண்ணி வர ஊதுவாரு, மேல கரி கட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு வெளிய இழுத்து பிளந்தா உள்ள நல்ல மரம் அப்பிடியே இருக்கும். கரியே ஒரு போர்வை மாதிரி ஆயிடுது, சூடு உள்ள போறது குறையும். ஐரோப்பா கோடு புக்குல மரம் கரி ஆவுற வேகத்துக்கு நிமிஷத்துக்கு 0.65 மில்லிமீட்டர்னு கணக்கு வெச்சிருக்கான், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 40 மில்லி. தூலத்துக்கு வேணுங்கிற கனத்துக்கு மேல இந்த எரிஞ்சு போற கனத்தையும் சேத்து போட்டுட்டா, அந்த ஒரு மணி நேரம் அது நிக்கும், ஆளுங்க இறங்கிடலாம்.

ஆனா இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, விக்கிறவன் சொல்ல மாட்டான். சூடு ஏறும்போது சில பசை இளகிடும், கரி ஆன அடுக்கு பொத்துனு கழண்டு கீழ விழும், புது மரம் வெளிய தெரியும், அணைய வேண்டிய தீ திரும்ப எழும்பும். அதனால தான் அமெரிக்காக்காரன் 2018-ல சிஎல்டி ஸ்டாண்டர்டை மாத்தி, சூட்டுல கழலாத பசை தான் போடணும்னு கொண்டாந்தான். அவங்க 2021 கோடுல 18 மாடி வரைக்கும் விடறான் தான், ஆனா அவ்ளோ உசரம் போகணும்னா மரம் எல்லாத்தையும் ஜிப்சம் போர்டு மாதிரி எரியாத பொருளால மூடணும், ஸ்ப்ரிங்க்ளர் (தீ வந்தா தானா தண்ணி தெளிக்கிறது) கட்டாயம். பெரும்பாலான மரம் அழகா வெளிய தெரியணும்னா 9 மாடியோட நிறுத்திக்கோன்றான். அதனால தீ பத்தி நல்லா கேளுங்க, வேணாம்னு சொல்லல. எந்த பசை, எவ்ளோ மரம் திறந்து கிடக்குது, ஜாயின்ட்ல இருக்குற இரும்பு பிளேட்டு மரத்துக்குள்ள பதிஞ்சிருக்கா இல்ல வெளிய நீட்டிட்டு இருக்கா, இதை கேளுங்க. இரும்பு 550, 600 டிகிரிக்கு போனா பாதி பலம் போயிடும், மரம் நிக்கும், பிளேட்டு வளைஞ்சிடும்.

இப்போ நிஜமா விழுந்த கதைங்களுக்கு வரேன்.

ஜெர்மனில பாட் ரைஷன்ஹால்னு ஒரு ஊரு, அங்க ஐஸ் மேல சறுக்கி விளையாடுற ஹாலு, கூரை ஒட்டு மரத் தூலம். 2006 ஜனவரி 2, பனி பேஞ்சு கூரை மேல கிடக்குது, கூரை மொத்தமா இறங்கிடுச்சு, 15 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் பசங்க. முப்பது வருஷத்துக்கு மேல நின்ன கூரை. தீ கிடையாது, நில நடுக்கம் கிடையாது. ஈரம் தாங்காத யூரியா பசைய ஐஸ் ஹாலுல போட்டிருக்கான், கீழ இருந்து வர்ற ஈரம் வருஷக்கணக்கா கூரையில படிஞ்சு படிஞ்சு பசை விட்டுப் போயிருக்கு, கணக்குலயும் தப்பு இருந்துச்சு, மேல ஏறி தட்டிப் பாக்கவும் யாரும் இல்ல.

அதே நார்வேல, அந்த 18 மாடி இருக்குற நாட்டுலயே, ட்ரெட்டன்னு ஒரு ஊர்ல 2012-ல திறந்த கிளூலாம் பாலம் 2022 ஆகஸ்ட்ல ஒரு லாரியும் ஒரு காரும் மேல போறப்ப ஆத்துக்குள்ள போயிடுச்சு. நல்ல வேளை ரெண்டு டிரைவரும் பொழைச்சாங்க. நடு மரம் முறியல சார், மரத்துக்குள்ள பிளேட்டு சொருகி கம்பி அடிச்சிருந்தானே அந்த ஜாயின்ட்ல, கம்பிங்களை சுத்தி இருந்த மரம் அப்பிடியே கட்டியா பிச்சிட்டு வந்துடுச்சு. கதவு கீலை கழுத்தோட பிச்சிட்டு வர்ற மாதிரி. ஆசாரிக்கு இதை கேட்டா வயித்தை கலக்கும்.

அமெரிக்காவுல ஒரேகான்ல 2018 மார்ச்ல வேலை நடக்குறப்பவே ஒரு சிஎல்டி தளத்துல இருந்து துண்டு கழண்டு விழுந்துச்சு, பிரஸ்ல அழுத்துறதுக்கு முன்னாடியே பசை காய ஆரம்பிச்சிருக்கு. யாருக்கும் அடி இல்ல. அந்த கட்டிடம் எதுக்குன்றீங்க? காட்டியல் காலேஜுக்கு. மரம் படிக்கிற பசங்களுக்கு அதுவே முதல் பாடம்.

பசை, ஜாயின்ட், ஈரம். மூணு தடவையும் இது தான். வெளிநாட்டுக்காரனை சொல்லிட்டு என் கதைய மறைச்சா நல்லா இருக்காது. நானே ஒரு வீட்டு போர்டிகோவுக்கு நாலு பலகைய ஒட்டி தூலம் செஞ்சு குடுத்தேன், கட்டில் மேசைக்கு போடுற அதே வெள்ளை பசை, கிளாம்ப் இறுக்கி ரெண்டு நாள் காய வெச்சு, பாலிஷ் போட்டு, கஸ்டமர் தடவி பாத்து மெச்சிக்கினாரு. 2021 நவம்பர்ல பாலாத்துல தண்ணி பாலம் பாலமா தட்டிட்டு போச்சே, அந்த மழையில தினமும் சாரல் அடிச்சு அடிச்சு, ஒரு நாள் போய் பாக்குறேன், பலகைக்கும் பலகைக்கும் நடுவுல வெத்தலை சொருகலாம் போல சந்து. அன்னிக்கே முட்டு குடுத்து நிறுத்தி, என் சொந்த காசுல வேற தூலம் போட்டேன். தப்பு முழுக்க என்னுது, உள் ரூமுக்கு ஆவுற பசைய வெளிய போட்டது.

இன்னொண்ணு, இது கொஞ்சம் நீளமா போவும், பொறுத்துக்கோங்க. எங்க தாத்தா வீடு மெட்ராஸ் டெரஸ். தேக்கு தூலம், அது மேல கட்டைங்க, அது மேல செங்கல்லை நிறுத்தி கோணலா சுண்ணாம்புல அடுக்கின தளம். எண்பது வருஷத்துக்கு மேல ஆயிடுச்சுன்னு பிரிச்சோம். தூலத்தை இறக்கி நடுவுல வாள் போட்டா தேக்கு வாசனை இன்னா மாதிரி வருது, புதுசு தோத்துடும். ஆனா ஒரே ஒரு தூலத்துல, சுவத்துக்குள்ள இருந்த முனை அரை அடி, விரலால தட்டினா டக்கு டக்குனு வரவேண்டிய சத்தம் பொத பொதன்னு வருது. உளிய வெச்சு கையாலயே அழுத்தினேன், பிடி வரைக்கும் உள்ள போயிடுச்சு. வெளிய பாத்தா பெயின்ட் அடிச்சு பளபளன்னு இருக்கு, உள்ள பஞ்சு, அதுக்கு பின்னாடி செல்லு (கரையான்) போட்ட மண் குழாய். ஏன் அந்த ஒரு முனை மட்டும்? மாடி தண்ணி இறங்குற குழாய் அந்த சுவத்தை ஒட்டி தான் போவும், எந்த காலத்துலயோ விரிசல் விட்டிருக்கு. மீதி முனை எல்லாம் தார் பூசினது பூசின மாதிரியே இருந்துச்சு. எண்பது வருஷத்தை அந்த அரை அடி சாப்பிட பாத்துச்சு.

இப்போ அந்த ஏலகிரி பிளானுக்கு வாங்க. ரூமு தளத்துக்கு போட்ட அதே சிஎல்டி பேனலு அப்பிடியே நீட்டி பால்கனியா வெளிய போவுது. மேல ரூமுக்கு எல்லாம் பாத்ரூம், பேனல் மேல நேரா டைல்ஸ். நான் பாத்த உடனே கேட்டேன், ஐரோப்பாவுலயே சிஎல்டிய வீட்டுக்குள்ளயும், கூரைக்கு அடியில மழை படாத இடத்துலயும் தான் போடுன்றான், நேரா நனையிற இடத்துக்கு கூடாதுன்றான், இங்க ஏன் வெளிய நீட்டுறீங்கன்னு. பதில் இல்ல. காங்கிரீட் ஒழுகினா சீலிங்ல கறை காட்டும், ஆயா கூட கண்டுபுடிச்சு திட்டும். இதுல மேல டைல்ஸ், கீழ ஜிப்சம் போர்டு, நடுவுல மரம் வருஷக்கணக்கா தண்ணி குடிச்சிட்டு கம்முனு இருக்கும். ஈரம் 20 சதவீதத்துக்கு மேல நின்னா பூஞ்சை வர ஆரம்பிச்சிடும், அதை காட்டுற மீட்டர் ஒண்ணு என் கடையிலயே கிடக்குது, ரெண்டு ஊசி, மரத்துல குத்தினா நம்பர் வரும், அவ்ளோ தான் வேலை.

ஐரோப்பாவுல இருந்து வர்றது ஸ்ப்ரூஸ் மாதிரி மெத்து மரம். நம்ம தேக்கோட வைரம் (நடு கட்டை) மாதிரி செல்லை எதிர்த்து நிக்காது. பிரஸ்ல இருந்து வரும்போது ஈரம் 12 சதவீதம் பக்கம் இருக்கும், நம்ம கத்திரி வெயில்ல இன்னும் காயும், சுருங்கும், ஐப்பசி கார்த்திகையில திரும்ப ஊதும். போல்ட் போட்ட ஓட்டை லூசாவும், டைட் பண்ண ஸ்பேனர் போற அளவுக்கு வழி விடணும், அந்த பிளான்ல அதுவும் மூடி தான் இருந்துச்சு.

நில நடுக்கத்துக்கு இது நல்ல பொருள், அதை ஒத்துக்கணும். காங்கிரீட் கனத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்கு தான், கனம் கம்மின்னா ஆட்டமும் கம்மி. 2007-ல ஜப்பான்ல 7 மாடி சிஎல்டி கட்டிடத்தை முழுசா ஒரு மேடை மேல கட்டி கோபே நில நடுக்கத்தை அப்பிடியே குடுத்து ஆட்டி பாத்தான், நின்னுச்சு. 2023-ல சான் டியாகோவுல 10 மாடிய ஆட்டினான். 2021 நவம்பர் 29 விடியக்காலம் நாலு மணிக்கு மேல நம்ம பக்கம் 3.6 வந்துச்சே, பேரணாம்பட்டு பக்கம் பாத்திரம் உருண்டுச்சுன்னு சொன்னாங்களே, அந்த அளவு எல்லாம் இதுக்கு பொருட்டே இல்ல. ஆனா கனம் கம்மியா இருந்தா காத்துக்கு ஆடும், அதனால தான் நார்வே 18 மாடில மேல 7 மாடிக்கு காங்கிரீட் தளம் போட்டு கனம் ஏத்தி வெச்சிருக்கான். ஃபோன்ல படத்தை காட்டினாரே அந்த சாரு, இதை காட்டல. நம்ம காட்டேஜு ரெண்டு மாடி, அந்த பிரச்சனை வராது, ஆனா மலை காத்துக்கு கூரைய கீழ இழுத்து கட்டியிருக்கான்னு பாக்கணும்.

உங்களையும் முழுசா குத்தம் சொல்ல முடியாது. 1993-ல மத்திய பொதுப்பணித்துறை கட்டிடத்துல மரம் வேணாம்னு வெச்ச தடைய 2020-ல தான் எடுத்தாங்க, நடுவுல ஒரு தலைமுறை இன்ஜினியருங்க மரத்தை தொடாமலே வந்துட்டீங்க. மரக் கட்டிடத்துக்கான நம்ம இந்திய ஸ்டாண்டர்டு ஐஎஸ் 883-ம் அறுத்த மரத்தை மனசுல வெச்சு எழுதின புக்கு. ஒட்டின பேனல்ல நடுவுல குறுக்க படுத்திருக்குற பலகை, பாரம் வந்தா நார் நாரா முருங்கைக்காய் உருள்ற மாதிரி உருளப் பாக்கும், அதுக்கு தனி கணக்கு, செஞ்சவன் கிட்ட டெஸ்ட் ரிப்போர்ட்டோட வாங்கணும். அதை வாங்காம யாரும் சைன் போடாதீங்க, அதே சமயம் அதை கேட்டுக்கூட பாக்காம யாரும் ஃபைலை தூக்கி எறியாதீங்க. பசை எந்த வகைன்னு எழுத்துல வாங்குங்க, சைட்டுக்கு பேனல் வந்து இறங்கின அன்னிக்கு மீட்டர் குத்தின நம்பரை நோட்ல ஏத்த சொல்லுங்க, மழையில தார்ப்பாய் போடாம கிடந்தா வேலைய நிறுத்துங்க, மண்ணுக்கு செல்லு மருந்து அடிச்சுட்டேன்னு பில்லு காட்டினா மட்டும் போதாது, மரம் தரையில இருந்து எவ்ளோ மேல நிக்குதுன்னு அளந்து பாருங்க, ஒவ்வொரு தூண் பாதத்துக்கும் டார்ச் அடிச்சு பாக்க சந்து இருக்கணும்.

கஸ்டமரு இன்னும் ஆசைய விடல. பால்கனிய தனியா இரும்புல மாத்தி, பாத்ரூமை எல்லாம் ஒரே பக்கமா தள்ளி, அதுக்கு கீழ காங்கிரீட்டா போட்டு, புது பிளான் போட சொல்லியிருக்காரு. ஆடி முடிஞ்சதும் உங்கள்ல யாராவது ஒருத்தர் மேசைக்கு வரும். முன் பக்கம் கலர் படம் நல்லா இருக்கும், அதை அப்புறம் பாத்துக்கலாம். பேனலும் பால்கனியும் சேர்ற இடத்தை பெருசா போட்ட ஷீட்டு ஒண்ணு கடைசில இருக்கும், அதை முதல்ல பிரிங்க. அந்த ஷீட்டே இல்லன்னா திருப்பி அனுப்பிடுங்க, நான் தான் சொன்னேன்னு கஸ்டமர் கிட்ட சொன்னாலும் பரவால்ல.

இப்படிக்கு,
குடியாத்தத்து மரக்கடைக்காரன்